ஒரே கடல், இரண்டு கணக்கு

அந்தமானின் ஹேவ்லாக் தீவின் கிழக்குக் கரையில், விஜய் நகர் பக்கம், வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். காலையில் படகு மிதந்த இடத்தில் நண்பகலில் பாறைத் திட்டும் சேறும் தெரியும். ஸ்கூபா முக்குளிப்புக்கு ஆட்களைக் கூட்டிச் செல்பவர்கள் இதைப் பார்த்து மலைப்பதில்லை. நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணை ஆண்டு தொடங்கும் முன்பே நிமிடக் கணக்கில் சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் படகை எத்தனை மணிக்குக் கிளப்புவது என்று முடிவு செய்கிறார்கள். அடுத்த ஆண்டு இதே தேதிக்கான கணக்கும் அவர்களுக்குக் கிடைக்கும்.

அதே மனிதர்களிடம், "பத்து நாள் கழித்துப் போர்ட் பிளேயருக்குக் கப்பல் ஓடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தத் தீவுக்குப் பெரும்பாலானோருக்குக் கடல்வழிதான் வழி. காற்று எழுந்தால் அந்த வழி மூடும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அப்படித்தான் ஆயிற்று. அந்தமான் அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுத்தது. ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பித்ரா, பங்காரம், கும்பீர் என்ற கப்பல்களோடு கடற்படை போனது. கடல் கொஞ்சம் தணிந்த பிறகுதான் அவர்களையும் ஆட்களை ஏற்ற விட்டது. அந்தத் தாழ்வு மண்டலம் மேற்கே நகர்ந்து வர்தா என்று பெயர் பெற்று, டிசம்பர் 12 பிற்பகலில் சென்னையைக் கடந்ததும், நகரத்தின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததும் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

ஓதமும் புயலும் ஒரே கடல்மேல் நடப்பவை. இரண்டையும் நடத்துவது நியூட்டனின் விதிகளும் அவற்றிலிருந்து பிறந்த பாய்மச் சமன்பாடுகளும்தான். எந்த இடத்திலும் பகடை உருட்டப்படுவதில்லை. ஒன்றை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது, மற்றொன்றை இரண்டு வாரம்கூடத் தாண்ட முடியவில்லை. ஏன்? கேயாஸ் கோட்பாடு என்று நாம் அழைக்கும் துறை முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான விடைதான் என்று சொல்வேன். 'ஒழுங்கின்மை' என்று அதைத் தமிழாக்குவது எனக்கு உவப்பாக இல்லை. விதிக்குக் கட்டுப்பட்டு நடப்பதை ஒழுங்கற்றது என்று எப்படிச் சொல்வது?

விதி இருந்தால் எதிர்காலமும் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு மிக உறுதியான வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ். ஒரு கணத்தில் உலகின் எல்லாத் துகள்களின் இடமும் வேகமும் தெரிந்த, அவற்றை எல்லாம் கணக்கிட வல்ல ஓர் அறிவு இருந்தால் அதற்கு நேற்றும் நாளையும் ஒன்றே என்று 1814-இல் எழுதினார். இதை எடுத்துக்காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடல் ஓதங்களின் இயக்கச் சமன்பாடுகளை 1770-களில் எழுதியவரும் அவர்தான். ஓதம் அவருடைய நம்பிக்கையைப் பொய்யாக்கவே இல்லை. அடுத்த நூற்றாண்டில் கெல்வின் பிரபு, ஓதத்தைப் பல சீரான அலைகளின் கூட்டலாகப் பிரித்தார். நிலவின் ஓட்டத்துக்கு ஓர் அலை, சூரியனுக்கு ஒன்று, நிலவுப் பாதையின் சாய்வுக்கு ஒன்று என்று பிரித்துக் கூட்டினால் எந்தத் துறைமுகத்தின் நீர்மட்டத்தையும் சொல்லிவிடலாம். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879-இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் ஒரு பித்தளை இயந்திரத்தை வடிவமைத்தார். கப்பிகளும் பற்சக்கரங்களும் இருபதுக்கும் மேற்பட்ட அலைகளைக் கூட்ட, ஓர் எழுதுகோல் தாளில் ஆண்டு முழுவதற்குமான ஓதக் கோட்டை வரைந்துகொண்டே போகும். போர்ட் பிளேயரில் 1880-இலேயே ஓதமானி இயங்கத் தொடங்கியது. இன்று ஹேவ்லாக்கின் படகோட்டி கைப்பேசியில் பார்க்கும் எண்களுக்கு அந்தப் பித்தளைச் சக்கரங்களே மூதாதை.

இதில் கவனிக்க வேண்டியது கூட்டல். ஓதத்தின் அலைகள் ஒன்றையொன்று பெரிதாகப் பாதிக்காமல் கூடுகின்றன. நிலவின் இடத்தைக் கணிப்பதில் சிறு பிழை இருந்தால் நீர்மட்டத்திலும் சிறு பிழைதான் இருக்கும், நாளானாலும் அது மெதுவாகவே வளரும். 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை வரும் முதன்மை ஓத அலையை ஒரு நிமிடம் தவறாகக் குறித்தவன் அடுத்த மாதமும் ஏறத்தாழ ஒரு நிமிடமே தவறுவான்.

பிழை வேறுவிதமாக வளரும் அமைப்பு எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க ஒரு சாதாரணக் கால்குலேட்டர் போதும். 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1-இலிருந்து கழியுங்கள். கழித்து வந்ததை முதல் எண்ணோடு பெருக்கி, பிறகு 4-ஆல் பெருக்குங்கள். வந்த விடையை வைத்துத் திரும்பவும் இதையே செய்யுங்கள். மீன் கூட்டம் ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு எப்படிப் பெருகி, இரை போதாமல் எப்படிச் சுருங்கும் என்பதற்கான மிக எளிய மாதிரி இது. உயிரியலாளர் ராபர்ட் மே 1976-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இதைப் புகழ்பெறச் செய்தது.

0.300 என்று தொடங்கினால் அடுத்து 0.84, பிறகு 0.5376, பிறகு 0.994. பக்கத்திலேயே 0.301 என்று தொடங்கி இன்னொரு வரிசையையும் போடுங்கள். 0.842, 0.533, 0.996. மூன்று படிவரை இரண்டும் கைகோத்து நடக்கின்றன. ஐந்தாம் படியில் முதல் வரிசை 0.088, இரண்டாவது 0.069. எட்டாம் படியில் 0.448, 0.719. பத்தாம் படியில் 0.043, 0.620. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டோடு கிளம்பிய இரட்டையர் பத்தே படிகளில் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகிவிட்டார்கள். விதியில் எதுவும் மாறவில்லை, நடுவில் யாரும் எதையும் கலைக்கவில்லை.

இங்கே வேறுபாடு சராசரியாக ஒவ்வொரு படிக்கும் இரண்டு மடங்காகிறது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. ஆகவே, தொடக்க எண்ணை ஆயிரம் மடங்கு துல்லியமாக அளந்தாலும் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பவை பத்துப் படிகள்தான். இன்னும் ஆயிரம் மடங்கு துல்லியம் கூட்டினால் இன்னும் பத்து. உழைப்பு பெருக்கல் கணக்கில் ஏற, பயன் கூட்டல் கணக்கில் ஏறுகிறது. பிழை பெருகும் இந்த வேகத்தை அளக்கும் எண்ணுக்கு ரஷ்யக் கணிதவியலாளர் லியாபுனோவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த எண் நேர்மமாக இருந்தால், அமைப்பு வரம்புக்குள் சுற்றிவந்தால், அது கேயாஸ். ஓதத்துக்கும் புயலுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு குறியில் அடங்கிவிடுகிறது.

பெருக்கும் எண் எப்போதும் 4-ஆக இருக்க வேண்டியதில்லை. 3-க்குக் கீழே வைத்தால் மீன்கூட்டம் ஒரு நிலையான அளவில் அடங்கிவிடும். 3-ஐத் தாண்டினால் ஓராண்டு ஏற்றம், ஓராண்டு இறக்கம். இன்னும் கூட்டினால் நான்காண்டுச் சுழற்சி, எட்டாண்டுச் சுழற்சி. 3.57-ஐ ஒட்டி எல்லாச் சுழற்சியும் குலைகிறது. இந்தப் பிளவுகளுக்கு இடையிலான தூரம் குறைந்துகொண்டே வரும் விகிதம் 4.669 என்ற எண்ணை நெருங்குகிறது என்றும், மிகப் பரந்த வகையான அமைப்புகளில் அதே எண்தான் வருகிறது என்றும் 1970-களில் மிட்செல் ஃபைகன்பாம் கண்டார். குழப்பத்துக்குள் நுழையும் பாதையிலேயே இவ்வளவு கறாரான ஓர் ஒழுங்கு இருப்பது இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது.

கால்குலேட்டர் இல்லாத காலத்திலேயே இதை ஒருவர் எட்டிப் பார்த்திருந்தார். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் அறுபதாம் பிறந்தநாளையொட்டி அறிவித்த பரிசை, மூன்று வான்பொருள்களின் இயக்கம் பற்றிய ஆய்வுக்காக ஆன்றி புவான்காரே 1889-இல் வென்றார். கட்டுரை அச்சேறிய பின் அதில் ஒரு பெரிய பிழை தெரியவந்தது. அச்சிட்ட படிகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட அவர் கொடுத்த பணம் பரிசுத் தொகையைவிட அதிகம். ஆனால் பிழையைத் திருத்தப் போனபோதுதான், மூன்றே பொருள்கள் ஈர்ப்பு விதிப்படி ஓடும்போதும் பாதைகள் கணிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும் என்பதைக் கண்டார். 1890-இல் வெளியான திருத்திய கட்டுரையே இந்தத் துறையின் பிறப்புச் சான்று. எழுபதாண்டுகள் அதைப் பின்தொடர்ந்தவர்கள் சிலரே.

அதன் பிறகு வந்தவர் எட்வர்ட் லோரென்ஸ். இரண்டாம் உலகப் போரில் வானிலை கணித்தவர், பின்னர் எம்.ஐ.டி. பேராசிரியர். 1961 குளிர்காலத்தில் தம் கணினியில் ஓடிய வானிலை மாதிரி ஒன்றை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட விரும்பினார். கணினிக்குள் இருந்த எண் 0.506127, தாளில் அச்சானதோ 0.506. தாளில் இருந்ததையே உள்ளிட்டார். சற்று நேரத்தில் இரண்டு வானிலைகளும் தொடர்பே இல்லாதவையாகப் பிரிந்துவிட்டன. இதிலிருந்து கிளைத்த 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மூன்றே சமன்பாடுகள் இருந்தன. அவற்றின் தீர்வு ஒருபோதும் தன்னைத் திரும்பச் செய்வதில்லை. ஆனாலும் அது வெளியே ஓடிவிடாமல், வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளைப் போன்ற ஒரு வடிவத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

1972-இல் அவர் ஆற்றிய உரைக்கு, பிரேசிலில் ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகசைத்தால் டெக்சாஸில் சூறாவளி எழுமா என்று ஒரு கேள்வியைத் தலைப்பாக வைத்தவர் அவருடைய சக ஆய்வாளர் ஃபிலிப் மெரிலீஸ். தமிழ்நாட்டில் இந்த வண்ணத்துப்பூச்சியைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனது 2008-இல் வந்த 'தசாவதாரம்'. படம் 2004 ஆழிப்பேரலையில் முடிகிறது. அதன்பின் நம் பேச்சு வழக்கில் கேயாஸ் தியரி என்றாலே, எங்கோ நடந்த சிறு செயல் எங்கோ ஒரு பெரும் விளைவைக் கொண்டுவரும், எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது என்ற பொருள் நிலைத்துவிட்டது. அது பாதி உண்மைதான். லோரென்ஸ் அந்த உரையிலேயே மறுபாதியைச் சொன்னார்: ஒரு சிறகசைவு சூறாவளியைக் கிளப்பக்கூடும் என்றால், அதே சிறகசைவு சூறாவளியைத் தடுக்கவும் கூடும். எண்ணற்ற பூச்சிகள் சிறகசைக்கின்றன, எண்ணற்ற மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள். அதில் எந்த ஒன்றையும் பிடித்து 'இதனால்தான்' என்று சொல்ல வழியில்லை. காரணத்திலிருந்து விளைவுக்கு நூல் பிடித்துப் போகலாம் என்ற ஆசைக்குத்தான் கேயாஸ் முற்றுப்புள்ளி வைக்கிறது. நாமோ அதை வைத்தே நூல் பிடிக்கிறோம்.

அந்தமானை ஒட்டிப் பிறந்த மூன்று புயல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 2013 அக்டோபரில் வட அந்தமான் பக்கம் உருவான ஃபைலின், நேரே ஒடிசாவின் கோபால்பூரை நோக்கிப் போய் 12-ஆம் தேதி இரவு மிகக் கடும் புயலாகக் கரை கடந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அதன் பாதையையும் வலுவையும் நன்றாகவே கணித்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1999-இல் அதே கடற்கரையில் வந்த பெரும்புயல் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிருந்தது; ஃபைலினில் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. ஆறு வாரம் கழித்து, நவம்பர் 25 அன்று லெஹர் போர்ட் பிளேயருக்கு அருகே தீவுகளைக் கடந்தது. அதுவும் மிகக் கடும் புயலாக வலுத்தது. ஆந்திரா அஞ்சிக் காத்திருந்தது. நடுக்கடலில் வறண்ட காற்றும் மேலடுக்குக் காற்றின் முரணும் சேர்ந்து அதைக் கரைத்துவிட, மசூலிப்பட்டினம் அருகே வெறும் தாழ்வு மண்டலமாகக் கரையேறியது. மூன்றாவது வர்தா. முதலில் ஆந்திரக் கரையை நோக்கியே அது போகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. போகப் போகக் கணிப்பு தெற்கே நகர்ந்து சென்னையில் வந்து நின்றது.

மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடங்கியவை. ஒன்று சொன்னபடி நடந்தது, ஒன்று கரைந்தது, ஒன்று திசை மாறியது. ஹேவ்லாக் கரையில் நின்று வானத்தைப் பார்த்தவருக்கு மூன்றும் ஒரே கறுப்பு மேகமாகத்தான் தெரிந்திருக்கும்.

இதற்கு வானிலை அறிவியல் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தது. பிழையை ஒழிக்க முடியாது என்றானபின், பிழையையே கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு தொடக்க நிலையை வைத்து ஒரு கணிப்பு போடுவதற்குப் பதிலாக, அளவைப் பிழைக்கு உட்பட்ட சின்னஞ்சிறு மாற்றங்களோடு பல தொடக்க நிலைகளை வைத்து ஒரே மாதிரியைப் பல முறை ஓட்டுவது. கூட்டுக் கணிப்பு என்று இதைச் சொல்லலாம். ஐரோப்பிய மையமும் அமெரிக்க மையமும் 1992-இல் இதை அன்றாட நடைமுறையாக்கின. 2018 ஜூனில் இந்தியா 12 கிலோமீட்டர் கட்டங்களில், 21 கணிப்புகள் கொண்ட உலகளாவிய கூட்டுக் கணிப்பைத் தொடங்கியது. 21 கோடுகளும் ஒட்டி ஓடினால் அன்றைய வளிமண்டலம் நம்பத் தகுந்தது. விசிறிபோல் விரிந்தால், கணிப்பவர் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். கேயாஸ் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது இந்த முறையால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

கடந்த சில பத்தாண்டுகளில் வானிலைக் கணிப்பின் எட்டும் தூரம் பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் கூடியிருக்கிறது. செயற்கைக்கோள்களும் மீக்கணினிகளும் எத்தனையோ மடங்கு பெருகியதற்குக் கிடைத்த பயன் அது. கால்குலேட்டரில் பார்த்த அதே கணக்கு.

இனி, உண்மையில் கடினமான கேள்விக்கு வருவோம். கேயாஸில் தெரிவது தற்செயலா, தற்செயலைப் போன்ற தோற்றமா? நம் மரபில் ஒரு பக்கம் ஊழ் நிற்கிறது. மணிமேகலையில் தம் கொள்கையை எடுத்துரைக்கும் சமயத்தாரில் ஆசீவகரும் இருக்கிறார்கள். நடப்பதெல்லாம் நியதிப்படியே என்பது அவர்கள் நிலை. மறுபக்கம், எல்லாம் காரணமற்ற தற்செயல் என்பவர்கள். இரண்டு தரப்பும் ஒரே எண்ணத்தில் நின்றன: நியதி இருந்தால் தற்செயலுக்கு இடமில்லை, தற்செயல் இருந்தால் நியதி இல்லை. மேலே செய்த பெருக்கல் கணக்கு இந்த எண்ணத்தைத் தகர்த்துவிடுகிறது.

விடை 0.5-க்குக் கீழே வந்தால் 'பூ' என்றும், மேலே வந்தால் 'தலை' என்றும் எழுதுங்கள். 0.3-இலிருந்து தொடங்கிய வரிசை இப்படி வரும்: பூ, தலை, தலை, தலை, பூ, பூ, பூ, தலை, பூ, தலை, பூ. நாணயத்தைச் சுண்டியது போலவே இருக்கிறது. இருக்கிறது மட்டுமில்லை, பூவும் தலையும் கலந்த எந்த வரிசையை நீங்கள் கற்பனை செய்தாலும், அதை அப்படியே தரும் ஒரு தொடக்க எண் இந்தக் கணக்கில் உண்டு என்று நிறுவலாம். நாணயம் சுண்டினால் என்னென்ன வரக்கூடுமோ அத்தனையும் இந்த நியதிக்குள் அடக்கம். உலாமும் வான் நாய்மானும் 1947-இலேயே இதைத் தற்செயல் எண்களை உண்டாக்கும் கருவியாகப் பரிந்துரைத்தார்கள்.

அப்படியானால் அந்தத் தற்செயல் எங்கிருந்து வருகிறது? விதியிலிருந்து வரவில்லை, விதி ஒரு வரிதான். அது தொடக்க எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பொதுவான எண்ணின் தசமத் தானங்கள் முடிவில்லாமல், எந்தச் சுருக்கத்துக்கும் அடங்காமல் நீள்பவை. விதி ஒவ்வொரு படியிலும் அந்த ஆழத்திலிருந்து கொஞ்சம் செய்தியை மேலே இழுத்துப் போடுகிறது. முதல் மூன்று தானங்களை மட்டும் அறிந்த நாம், நான்காவது தானம் மேலே வரும்போது திடுக்கிடுகிறோம். கொல்மகோரவ், சினாய் இருவரும் இப்படி மேலே வரும் செய்தியின் வேகத்தை அளக்க ஒரு வழி வகுத்தார்கள். ஆகவே, கேயாஸில் தெரியும் தற்செயல் வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கருவியும் எந்த மனமும் முடிவில்லாத தானங்களைப் பிடித்து வைக்க முடியாது. முடிவுள்ள அறிவும் முடிவில்லாத விவரமும் சந்திக்கும் இடத்தில் பிறக்கும் தற்செயல், நடைமுறையில் முழுமையான தற்செயல். குவாண்டம் இயற்பியல் பேசும் தற்செயல் இதனின்றும் வேறு வகை. இரண்டையும் போட்டுக் குழப்புவது இன்று பரவலாக நடக்கிறது.

ஆனால் கையில் கிடைத்த ஓர் அளவை வரிசை கேயாஸா, வெறும் இரைச்சலா என்று பிரித்தறிய முடியுமா? ஓரளவு முடியும். ஃப்ளோரிஸ் டாக்கன்ஸ் 1981-இல் காட்டிய வழியில், ஒரே ஓர் அளவையின் கடந்த கால மதிப்புகளை அச்சுகளாக வைத்து, மறைந்திருக்கும் அமைப்பின் வடிவத்தை மீட்டெடுக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர். ஐ. சுஜித்தின் குழு, எரிகலன்களுக்குள் எழும் அழுத்த இரைச்சலை இப்படி ஆராய்ந்தது. ராக்கெட், விமான எஞ்சின்களில் சில நேரம் திடீரென்று வலுத்த அதிர்வு எழுந்து கலனையே சிதைத்துவிடும். அதற்கு முன் கேட்கும் முரட்டு இரைச்சலை வெற்று இரைச்சல் என்றே பலரும் கொண்டிருந்தார்கள். அது கேயாஸ் என்றும், கேயாஸ் குறையத் தொடங்குவதே ஆபத்தின் முன்னறிகுறி என்றும் இந்தக் குழு காட்டியது. இங்கே கேயாஸ் இருப்பதே நலம், ஒழுங்கு வருவதுதான் கேடு.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் இன்னொரு அழுத்தமான தடம் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் கட்டியெழுப்பிய நேரியலற்ற இயக்கவியல் மையம் அது. அவரும் கே. முரளியும், அமெரிக்காவின் லியோன் சுவாவும் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட மின்சுற்று மூவரின் பெயராலேயே இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, ஒரு சுவா டயோடு, சீராக அலையும் ஒரு மின்னழுத்தம். கல்லூரி ஆய்வகத்தில் செய்துவிடலாம். இவ்வளவு சின்னச் சுற்றில் கேயாஸ் பிறப்பதை அலைகாட்டித் திரையில் கண்ணால் பார்க்கும் மாணவருக்குச் சமன்பாட்டைப் பற்றிய அச்சம் போய்விடும்.

நேரியலற்ற தன்மை இருந்தாலே கேயாஸ் வந்துவிடும் என்பதும் சரியில்லை. அதற்கான சான்றை அந்தமான் கடலே தருகிறது. இந்தக் கடலின் உள்ளே, மேலே உள்ள இளஞ்சூடான நீருக்கும் கீழே உள்ள குளிர்ந்த நீருக்கும் இடைப்பட்ட அடுக்கில், பல பத்து மீட்டர் உயரமுள்ள அலைகள் ஓடுகின்றன. மேற்பரப்பில் கொந்தளிக்கும் ஒரு நீண்ட பட்டையாக மட்டும் அவை தெரியும். ஆல்ஃபிரட் ஆஸ்போர்னும் டெரன்ஸ் பர்ச்சும் 1980-இல் 'சயன்ஸ்' இதழில், இவை சாலிட்டான்கள் என்று எழுதினார்கள். வடிவம் குலையாமல் நெடுந்தூரம் போகும் தனியலைகள். இவற்றின் சமன்பாடும் நேரியலற்றதுதான். ஆனாலும் இங்கே கலைவு இல்லை, கட்டுக்கோப்புதான். இவற்றைக் கிளப்பிவிடுவது ஓதம் என்பது இன்னும் அழகு. அட்டவணைக்குள் அடங்கும் ஓதம் கடலடி மேடுகளைத் தாண்டும்போது இந்த அலைகள் பிறக்கின்றன. ஒழுங்கு, தனியலை, புயல் மூன்றும் இந்த ஒரே நீரில் வாழ்கின்றன.

வெப்ப மண்டலத்தில் இன்னொரு நற்செய்தியும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் பிறந்த ஜகதீஷ் சுக்லாவும், அவருடைய ஆசிரியர் ஜூல் சார்னியும் 1981-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். குறிப்பிட்ட நாளின் மழையைச் சொல்ல முடியாவிட்டாலும், பருவத்தின் மொத்தப் போக்கைச் சொல்ல முடியும். ஏனெனில் அதை நடத்துவது மெதுவாக மாறும் கடல்பரப்பு வெப்பநிலை. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடும் மண் இந்தத் தீவுகள்தான். மே மாதத்தில் அது வந்துவிடும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. எந்தப் பிற்பகலில் முதல் துளி விழும் என்பதுதான் தெரியாது. லோரென்ஸின் சிறகு வடிவம் சொல்வதும் அதையே. புள்ளி எங்கே இருக்கும் என்று தெரியாது, எந்த வடிவத்துக்குள் இருக்கும் என்று தெரியும்.

ஓதத்தின் நம்பகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே தொடங்கிய நிலநடுக்கப் பிளவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் வடக்கே ஓடி அந்தமானைக் குலுக்கியது. போர்ட் பிளேயர் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானில் தரை உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் கிடந்தன. நிலவும் சூரியனும் தம் வேலையைச் சரியாகவே செய்தன. ஆனால் போர்ட் பிளேயரை ஒட்டிய சிப்பிகாட் வயல்களில் ஓதம் ஏறும்போதெல்லாம் கடல்நீர் புகுந்தது. அட்டவணையின் நேரம் சரி, நிலத்தின் மட்டம் தவறு. நிலம் அந்தச் சமன்பாட்டிலேயே இல்லை. புவித்தட்டுகளின் உராய்வோ, மிக எளிய இரண்டு கட்டை மாதிரியிலேயே கேயாஸ் காட்டுகிறது என்று 1990-இல் ஹுவாங்கும் டர்காட்டும் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்ன நாளில் நிலநடுக்கம் என்று சமூக ஊடகத்தில் சொல்பவரை நம்பாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வானத்துக்கும் இது பொருந்தும். கோள்களின் இயக்கத்தில் பிழை ஒரு கோடி ஆண்டுக்குப் பத்து மடங்காகிறது என்று பாரிஸின் ஜாக் லஸ்கார் 1989-இல் காட்டினார். இன்று புவியின் இடத்தை 15 மீட்டர் தவறாக அளந்தால், பத்துக் கோடி ஆண்டில் அந்தத் தவறு 15 கோடி கிலோமீட்டர். அதாவது, புவிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரம் அளவுக்கு.

எனவே நியதி உண்டா என்ற கேள்வியோடு நிற்பதில் பயனில்லை. ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் அடிவானம் இருக்கிறது. கோள்களுக்குப் பல கோடி ஆண்டு, ஓதத்துக்குப் பல பத்தாண்டு, பருவத்துக்குச் சில மாதம், புயலுக்குச் சில நாள், ஹேவ்லாக்கின் பிற்பகல் இடிமழைக்குச் சில மணி நேரம். அதை அளந்து சொல்வதுதான் இந்த அறிவியல் செய்த பெரிய காரியம். அடிவானத்துக்கு அப்பால் வாய்ப்பு எவ்வளவு என்றுதான் பேச முடியும். அந்தப் பேச்சு மக்களிடம் வந்து சேர வேண்டும். 21 கணிப்புகளில் பதினைந்து புயலைக் காட்டுகின்றன என்றால், தீவுக்காரருக்கும் பயணிக்கும் அந்தப் பதினைந்தைச் சொல்லுங்கள். 'பலத்த மழைக்கு வாய்ப்பு' என்ற ஒற்றை வரிக்குள் அதைப் புதைப்பது, கணக்கிட்டவரின் உழைப்பையும் கேட்பவரின் அறிவையும் ஒருசேரக் குறைத்து மதிப்பது. ஹேவ்லாக்கின் பெயர் 2018 டிசம்பர் 30 முதல் சுவராஜ் தீவு என்று மாறியிருக்கிறது. அதன் கடல் மாறவில்லை. நவம்பர், டிசம்பரில் அங்கே போகிறவர்கள் தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் சென்னை விமானத்துக்கும் இடையில் ஒன்றிரண்டு நாளாவது விட்டு வையுங்கள்.